எண்ணில் அடங்காத ஆட்டம்

நுழையும்முன்

கடலூரிலோ சிதம்பரத்திலோ ஸ்ரீமுஷ்ணத்திலோ ஒரு பள்ளித் திடலில் ஆட்டம் முடிந்து மாணவர் வெளியே வரும்போது, எதிர்ப்படுவோர் முதலில் கேட்பது எத்தனை கோல் என்பதைத்தான். எப்படி ஆடினீர்கள் என்று கேட்பவர் அரியர். தேர்வு முடிவு வெளிவரும் நாளிலும் இதே வினா வேறு உருவில் வந்து நிற்கிறது. நன்றாக ஆடுவது பெரிதா, நிறையக் கோல் அடிப்பது பெரிதா? நூறு நூறாகக் கோல் அடித்துப் புகழ்பெற்ற ஒருவரின் வாழ்க்கை இவ்வினாவுக்கு எதிர்பாராத விடையொன்றைத் தருகிறது.

மட்டையும் கோலும்

தமிழில் கோல் என்பது கையில் பிடிக்கும் கழியைக் குறிக்கும். செங்கோல், எழுதுகோல், துலாக்கோல், ஊன்றுகோல் என அச்சொல் அரசனுக்கும் புலவனுக்கும் வணிகனுக்கும் முதியோருக்கும் துணை நிற்கிறது. நுனி வளைந்த கழியால் பந்தைத் தட்டி ஆடுவதால் ஹாக்கி விளையாட்டு தமிழில் வளைகோல் பந்தாட்டம் எனப் பெயர் பெற்றது. அதே ஆட்டத்தில் பந்து எதிரணியின் கம்பங்களுக்கு இடையே புகுந்துவிட்டால் அதனையும், ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்லால், கோல் என்றே வழங்குகிறோம். ஒன்று ஆடும் கருவி. மற்றொன்று ஆட்டத்தின் பயன். குழப்பம் நேராதிருக்க, இங்குக் கருவியை மட்டை என்றும் பயனைக் கோல் என்றும் கொள்வோம். மட்டையின் நயத்தால் உலகை வியக்க வைத்த தியான் சந்தை உலகம் நினைவில் வைத்திருப்பதோ கோல்களின் எண்ணிக்கையால்.

இளமை

தியான் சந்த் 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தியான் சிங். தந்தை சமேஷ்வர் சிங் பிரித்தானிய இந்தியப் படையில் பணியாற்றியவர். படை அணிகளில் ஹாக்கி ஆடியவர். படைவீரர் குடும்பங்களுக்கு நிலையான ஊர் ஏது? அடிக்கடி நேர்ந்த இடமாற்றத்தால் சிறுவனின் பள்ளிப்படிப்பு ஆறு ஆண்டுகளோடு நின்றுபோனது. இறுதியில் குடும்பம் ஜான்சி நகரில் நிலைகொண்டது. ராணி இலட்சுமிபாயின் பெயரோடு நாம் அறிந்த அந்நகரம், பின்னர் இவர் பெயரோடும் சேர்த்து அறியப்பட்டது.

பிறவி மேதை என்று பலரும் இவரைச் சொல்வர். ஆனால் இளமையில் இவருக்கு ஹாக்கியில் சிறப்பான நாட்டம் எதுவும் இருந்ததில்லை. மற்போரில் ஆர்வம் இருந்தது. மட்டையை முறையாகக் கையில் எடுத்தது 1922இல் படையில் சிப்பாயாகச் சேர்ந்த பிறகுதான். அங்கே சுபேதார் மேஜர் திவாரி என்பவர் இவருக்கு ஆட்டத்தின் முதற்பாடங்களைக் கற்பித்தார்.

பகல் முழுதும் படைப்பணி. ஓய்வு கிடைப்பது இருட்டிய பிறகே. திடலில் விளக்குகள் இல்லாத காலம் அது. ஆகவே நிலவு எழும்வரை காத்திருந்து அவ்வொளியில் பந்தைத் தட்டிப் பழகினார் என்றும், அதனால் நண்பர்கள் இவரை நிலவு எனப் பொருள்படும் சந்த் என்னும் சொல்லால் அழைக்கத் தொடங்கினர் என்றும் கூறுவர். அப்பெயரே நிலைத்தது. மங்கிய ஒளியில் பந்தைக் கண்ணால் தொடர்வது எளிதன்று. மட்டையில் படும் உணர்வாலும் தரையில் உருளும் ஓசையாலும்தான் அதன் போக்கை அறிய வேண்டும். பந்தைக் குனிந்து பாராமலே கொண்டு செல்லும் திறம் பின்னாளில் இவரிடம் காணப்பட்டதற்கு இப்பழக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

மைய முன்கள வீரர்

இவருடைய ஆட்டத்தின் சிறப்பை உணர அக்காலத்து ஹாக்கியின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். கோல்காப்பாளரை நீக்கினால் எஞ்சும் பதின்மரில் இருவர் பின்களத்திலும் மூவர் இடைக்களத்திலும் ஐவர் முன்களத்திலும் நிற்பர். ஆட்டம் இரு பாதிகளாக 70 நிமிடம் நடைபெறும். செயற்கைத் தரை வருவதற்கு முற்பட்ட காலம் அது. புல்தரையில் பந்து ஒரே சீராக உருளாது. எங்கிருந்து அடித்தாலும் கோல் ஆகிவிடாது. கம்பங்களுக்கு முன்னுள்ள அரைவட்டத்துக்குள் இருந்து அடித்தால்தான் கோல் ஆகும். முன்கள ஐவரின் நடுவில் நிற்பவர் மைய முன்கள வீரர். கோல் அடிக்கும் வாய்ப்பு மிகுதியாக அவருக்கே வாய்க்கும். பந்தைப் பிறருக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பும் அவருடையதே. ஓர் ஆட்டக்காரரின் மனத்தை அறிய இவ்விடத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. தாமே அடிப்பதா, தம்மினும் நல்ல இடத்தில் நிற்பவருக்குக் கொடுப்பதா என்பதை ஒவ்வொரு முறையும் கண்ணிமைக்கும் நேரத்தில் அவர் முடிவு செய்தாக வேண்டும்.

தியான் சந்த் நின்று ஆடியது இவ்விடத்தில்தான்.

படைப்பிரிவுகளுக்கு இடையிலான போட்டிகளில் அவர் பெயர் விரைவில் பரவியது. ஜீலம் நகரில் நடந்த பஞ்சாப் காலாட்படைப் போட்டியின் இறுதியாட்டத்தில் அவருடைய அணி இரண்டு கோல் பின்தங்கியிருந்தது. எஞ்சியிருந்தது நான்கே நிமிடம். அந்நேரத்தில் அவர் அடுத்தடுத்து மூன்று கோல் அடித்து அணியை வெற்றிபெறச் செய்தார். மந்திரவாதி என்னும் பட்டம் அவரோடு ஒட்டிக்கொண்டது அதன்பிறகே.

கடல் கடந்து

1926இல் இந்தியப் படை அணி நியூசிலாந்துக்குச் சென்றது. ஆடிய 21 ஆட்டங்களில் 18இல் வெற்றி, இரண்டில் சமன், ஒன்றில் தோல்வி. அணி அடித்த 192 கோல்களில் நூற்றுக்கு மேற்பட்டவை தியான் சந்துடையவை. ஊர் திரும்பியதும் சிப்பாய் நிலையிலிருந்து லான்ஸ் நாயக்காக உயர்த்தப்பட்டார். நூறு கோலுக்கு ஒரு படி உயர்வு!

1928இல் இந்தியா முதன்முறையாக ஒலிம்பிக் ஹாக்கியில் கலந்துகொண்டது. ஜெய்பால் சிங் தலைமையிலான அணி பம்பாயிலிருந்து கப்பலேறியபோது வழியனுப்ப வந்தவர் மூவர் மட்டுமே என்பர். ஆம்ஸ்டர்டாமில் ஐந்து ஆட்டங்களில் இந்தியா 29 கோல் அடித்தது. எதிரணியினர் எவராலும் ஒரு கோலும் அடிக்க இயலவில்லை. தியான் சந்தின் பங்கு 14. நெதர்லாந்து அணியை இறுதியாட்டத்தில் 3-0 என வென்று இந்தியா தன் முதல் ஒலிம்பிக் ஹாக்கித் தங்கத்தைப் பெற்றது. அவ்வாட்டத்தன்று தியான் சந்த் காய்ச்சலோடு களமிறங்கினார். அணி திரும்பி வந்தபோது பம்பாய்த் துறைமுகத்தில் பெருங்கூட்டம் கூடியிருந்தது.

இக்காலத்தில்தான் அவருடைய மட்டையைப் பற்றிய கதைகள் கிளம்பின. அதனுள் காந்தம் இருப்பதாக ஐயுற்று ஓரிடத்தில் அதனை உடைத்துப் பார்த்தனராம். பசை தடவியிருப்பதாக வேறோரிடத்தில் ஐயுற்றனராம். கதைகள் எவ்வாறாயினும், பார்த்தவர்கள் வியப்புக்கான காரணத்தை மரத்துண்டில் தேடினார்கள் என்பது நகைப்புக்குரியது. காரணம் வேறு இடத்தில் இருந்தது. அவரோடு ஆடிய கேசவ் தத், சதுரங்கப் பலகையைக் காண்பவர்போலத் தியான் சந்த் முழுத் திடலையும் மனத்தில் கண்டார் என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். தம் அணியினர் எங்கே நிற்கின்றனர், எதிரணியினர் எங்கே நகர்கின்றனர் என்பது திரும்பிப் பாராமலே அவருக்குத் தெரிந்திருந்தது. பந்து அவர் மட்டையில் ஒட்டிக்கொண்டிருந்ததை எல்லாரும் கண்டனர். அது தக்க நொடியில் மட்டையைவிட்டு நீங்கியதைக் கண்டவர் சிலரே.

இருபத்து நான்கு கோல்

1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். தம்பி ரூப் சிங்கும் இம்முறை அணியில் இருந்தார். முதலாட்டத்தில் ஜப்பானை 11-1 என வென்ற இந்தியா, ஆகஸ்ட் 11ஆம் நாள் அமெரிக்காவை 24-1 என வென்றது. ரூப் சிங் 10 கோலும் தியான் சந்த் 8 கோலும் அடித்தனர். அமெரிக்கர் அடித்த அந்த ஒரு கோலும், இந்தியக் கோல்காப்பாளர் ரிச்சர்டு ஆலன் கம்பங்களை விட்டு வெளியே சென்று பார்வையாளருக்குக் கையொப்பம் இட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தது என்று சொல்வதுண்டு.

விளையாட்டு நூல்கள் இவ்வெண்ணிக்கையை வியந்து எழுதாமல் விடுவதில்லை. எனினும் அதன் பின்னணியையும் காணவேண்டும். உலகப் பொருளாதார வீழ்ச்சியின் காலம் அது. ஐரோப்பிய அணிகள் பயணச் செலவுக்கு அஞ்சி வரவில்லை. ஹாக்கிப் போட்டியில் கலந்துகொண்டவை மூன்றே நாடுகள். ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் தோற்ற அமெரிக்கா வெண்கலப் பதக்கம் பெற்றது. அன்று அமெரிக்காவில் ஹாக்கி முளைவிட்டுக்கொண்டிருந்த ஒரு விளையாட்டு. பழகத் தொடங்கியவர்களுக்கு எதிராக அடித்த 24 கோல், அடித்தவரின் உயரத்தைக் காட்டிலும் எதிரே நின்றவரின் தாழ்வையே மிகுதியாகக் காட்டுகிறது. ஒலிம்பிக்கை ஒட்டிய அந்நெடும் பயணத்தில் இந்திய அணி மொத்தம் 37 ஆட்டங்கள் ஆடி 338 கோல் அடித்தது. அவற்றுள் தியான் சந்துடையவை 133. அந்த 133இல் ஒன்றையும் தம் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்துக்குச் சான்றாக அவர் எடுத்துக்காட்டவில்லை என்பது கருதத்தக்கது.

ஒரே ஒரு கோல்

லாஸ் ஏஞ்சல்சிலிருந்து திரும்பிய தியான் சந்த், ஜான்சியின் உள்ளூர் இளைஞர்களைத் திரட்டி ஜான்சி ஹீரோஸ் அணியைப் பழக்கினார். 1933இல் அவ்வணியோடு பெய்டன் கோப்பைப் போட்டிக்காகக் கல்கத்தா சென்றார். 1895இல் தொடங்கிய பெய்டன் கோப்பை அந்நாளில் இந்திய ஹாக்கியின் உச்சமாகக் கருதப்பட்டது. இறுதியாட்டத்தில் எதிரே நின்றது கல்கத்தா கஸ்டம்ஸ் என்னும் சுங்கத்துறை அணி. நாட்டின் முதல்தர ஆட்டக்காரர் பலர் அதில் இருந்தனர். ஜான்சி அணியிலோ தியான் சந்த், ரூப் சிங், ரயில்வே அணிக்கு ஆடிவந்த இஸ்மாயில் ஆகிய மூவரைத் தவிர மற்றவர் பெயரறியாத இளைஞர்கள்.

ஆட்டம் முழுதும் கஸ்டம்ஸ் அணி நெருக்கியது. ஜான்சியின் கோல் எந்நேரமும் விழுந்துவிடும் என்ற நிலை. அவ்வேளையில் தியான் சந்த் திடீரெனத் தடுப்பை ஊடறுத்து வெளிவந்தார். திடலின் நடுப்பகுதியில் பந்து அவர் மட்டையில் இருந்தது. கூடியிருந்தோர் எல்லாரும் அவர் தாமே கொண்டு செல்வார் என்றுதான் எதிர்பார்த்திருப்பர். அப்படிச் செல்லும் ஆற்றலும் அவருக்கு இருந்தது. அவரோ எதிரணியினரின் இடைவெளியில் பந்தை நெடுந்தொலைவு செலுத்தி இஸ்மாயிலுக்குக் கொடுத்துவிட்டார். இஸ்மாயில் பாதித் திடலை ஒரே ஓட்டமாகக் கடந்தார். கஸ்டம்ஸ் அணியின் இடைக்கள வீரருக்கும் கோல்காப்பாளருக்கும் இடையே ஒரு நொடி குழப்பம் நேர்ந்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டு இஸ்மாயில் பந்தை வலைக்குள் செலுத்தினார். ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல் அது. ஜான்சி 1-0 என வென்றது.

தாம் ஆடிய ஆட்டங்களில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் தயங்காமல் இதனையே சொல்வதாகத் தியான் சந்த் பின்னர் எழுதினார். மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர். எண்ணற்ற கோல் அடித்தவர். அவர் தேர்ந்தெடுத்ததோ தாம் ஒரு கோலும் அடிக்காத ஆட்டம். வெற்றியைத் தந்த அந்த ஒரு கோலும் எதிரணியின் தடுமாற்றத்தால் கிடைத்தது என்பதை அவர் மறைக்கவும் இல்லை. வலுக்குறைந்த அணி, வலுமிக்க அணியை எதிர்த்து, இறுதிவரை தளராமல் ஆடியது. தக்க நேரத்தில் தக்க இடத்துக்குப் பந்து சென்றது. அவருடைய அளவுகோலுக்கு அது போதுமானதாக இருந்தது.

எண்ணிக்கைக்கு மேலாக ஆட்டத்தை வைத்தவர்கள் பிற நாடுகளிலும் இருந்தனர். கோல்ஃப் ஆட்டத்தில் குறைந்த எண்ணிக்கையில் அடித்து முடிப்பவரே வெல்வார். 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்பவர் பந்தை அடிக்க முனைந்தபோது பந்து சற்றே அசைந்துவிட்டது. பிறர் எவரும் அதைக் காணவில்லை. தாமே அதை நடுவரிடம் சொல்லித் தம் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். முடிவில் மற்றொருவரோடு சமநிலை ஏற்பட்டது. மீண்டும் ஆடியதில் ஓர் அடி வேறுபாட்டில் தோற்றார். அந்த ஓர் அடியைச் சொல்லாதிருந்தால் பட்டம் அவருக்கே கிடைத்திருக்கும்.

இதனால் தியான் சந்த் கோலைப் பொருட்படுத்தாதவர் என்று எண்ணிவிடக் கூடாது. கோல் விழாத ஹாக்கி, நெல் விளையாத வயல். 1-0 என்பதிலும் அந்த ஒன்று இல்லையெனில் கோப்பை இல்லை. 1935இல் அவருடைய தலைமையில் நியூசிலாந்துக்குச் சென்ற அணி, வழியிலுள்ள ஆட்டங்களையும் சேர்த்து, 48 ஆட்டங்களிலும் வென்று 584 கோல் அடித்தது. அவற்றில் 201 அவருடையவை. அப்பயணத்தில் அடிலெய்டில் அவர் ஆட்டத்தைக் கண்ட கிரிக்கெட் மேதை டொனால்டு பிராட்மன், ரன் குவிப்பதுபோல இவர் கோல் குவிக்கிறார் என வியந்ததாகக் கூறுவர்.

அவ்வணியில் தமிழகத்தைச் சேர்ந்த எம்.ஜே. கோபாலனும் இருந்தார். செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள மொறப்பாக்கத்தில் பிறந்த அவர், 1934இல் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதற்பந்தை வீசியவர். இரண்டு விளையாட்டுகளிலும் நாட்டுக்காக ஆடிய அரியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்கான ஹாக்கித் தேர்வுக்குச் செல்லாமல் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து சென்றார். அங்கே ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

பெர்லின்

1936இல் தியான் சந்த் ஒலிம்பிக் அணியின் தலைவரானார். பெர்லின் சென்று சேர்ந்த சில நாள்களில், ஜூலை 17 அன்று, ஜெர்மனியோடு ஒரு பயிற்சி ஆட்டம் நடந்தது. இந்தியா 4-1 எனத் தோற்றது. தோல்வி அறியாத அணிக்கு அது பேரிடி. அன்றிரவு தலைவருக்கு உறக்கம் வரவில்லை. அணியின் குறை என்ன என்று ஆராய்ந்தவர் கண்டது கோல் அடிப்போர் பற்றாக்குறை அன்று. முன்களத்தில் ஒருவரோடு ஒருவர் இசைந்து பந்தைக் கொடுத்து வாங்கி ஆடும் இணக்கம் இல்லாததே. உடனே இந்தியாவுக்குச் செய்தி அனுப்பி, உள்முன்கள ஆட்டத்தில் வல்ல தாரா என்னும் வீரரை வரவழைக்கச் செய்தார். தாரா அரையிறுதிக்கு முன் விமானத்தில் வந்து சேர்ந்தார். அரையிறுதியில் பிரான்சு 10-0 எனத் தோற்றது.

இறுதியாட்டம் ஆகஸ்ட் 14இல் நடந்திருக்க வேண்டும். மழையால் மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. எதிரே ஜெர்மனி, நான்கு வாரங்களுக்கு முன் வீழ்த்திய அணி. உடைமாற்றும் அறையில் இந்திய வீரர்கள் கலங்கியிருந்தனர். அப்போது துணை மேலாளர் பங்கஜ் குப்தா காங்கிரசின் மூவண்ணக் கொடியை எடுத்து விரித்தார். அனைவரும் வணங்கிவிட்டுக் களம் புகுந்தனர். நாடு அடிமைப்பட்டிருந்த காலம். வேற்றரசின் கொடியின்கீழ் ஆடவேண்டியிருந்தவர்கள் அவர்கள். அந்த ஆகஸ்ட் 15க்குச் சரியாகப் 11 ஆண்டுகள் கழித்து நாடு விடுதலை பெற்றது.

ஈரத் தரையில் முற்பாதி கடினமாக இருந்தது. இந்தியாவால் ஒரு கோல் மட்டுமே அடிக்க முடிந்தது. பிற்பாதியில் தியான் சந்த் காலணிகளைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஆடினார். ஆட்டம் விரைவு பெற்றது. கோல்கள் அடுத்தடுத்து விழுந்தன.

அப்போது நிகழ்ந்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. முரட்டுத்தனமாக ஆடத் தொடங்கிய ஜெர்மானியரின் கோல்காப்பாளரோடு மோதியதில் தியான் சந்தின் பல் ஒன்று உடைந்தது. முதலுதவி பெற்றுத் திரும்பிய அவர் தம் அணியினரை அழைத்து, இனிச் சிறிது நேரம் கோல் அடிக்க வேண்டா என்று அறிவுறுத்தினாராம். இந்திய வீரர்கள் பந்தை அரைவட்டம் வரை கொண்டு செல்வதும், அடிக்காமல் பின்னோக்கித் திருப்பிக் கொண்டுவருவதும், மீண்டும் கொண்டு செல்வதுமாக இருந்தனர். அடிக்கு அடி என்பது களத்தின் இயல்பு. இவர்களோ பந்தைத் தங்கள் மட்டைகளில் வைத்துக்கொண்டே விடைகூறினர். அதில் செருக்கு சிறிதும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எதிரணியினருக்கு அது கோலைக் காட்டிலும் கடுமையான தண்டனையாகவே இருந்திருக்கும். ஆயினும் ஒருவர் உடலிலும் காயம் படவில்லை. ஆட்டத்திறன் கோலை நம்பி நிற்கவில்லை என்பதை, கோல் அடிக்க வல்லவர்களே அடிக்காமல் இருந்து காட்டினார்கள். ஆட்டம் 8-1 என முடிந்தது. ஜெர்மனியின் அந்த ஒன்றே அவ்வொலிம்பிக் போட்டியில் இந்தியாவுக்கு எதிராக விழுந்த ஒரே கோல்.

பிற்காலம்

இரண்டாம் உலகப்போர் 1940, 1944 ஒலிம்பிக் விழாக்களை விழுங்கிவிட்டது. ஆற்றல் முதிர்ந்திருந்த ஆண்டுகள் போரோடு கழிந்தன. விடுதலைக்குப்பின் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இந்திய அணிக்கு அழைப்பு வந்தபோது, தியான் சந்த் வந்தாக வேண்டும் என்பதும் உடன் வந்தது. நாற்பது வயதைக் கடந்திருந்த அவர் இளைஞர்களோடு சென்று ஆடினார்.

அப்பயணத்தில் நடந்ததாகக் கேசவ் தத் நினைவுகூரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஓர் ஆட்டத்தில் தியான் சந்த் நேர்த்தியாகப் பந்தொன்றைக் கே.டி. சிங் பாபுவுக்குக் கொடுத்தார். கொடுத்த கையோடு, கோல் விழுகிறதா என்று பாராமல், முதுகைத் திருப்பிக்கொண்டு தம் இடத்துக்கு நடக்கத் தொடங்கினார். ஏன் அவ்வாறு செய்தார் என்று பின்னர்க் கேட்டபோது, அப்படிப்பட்ட பந்தைப் பெற்றும் கோல் அடிக்க இயலாதவர் இவ்வணியில் இருக்கத் தகுந்தவர் அல்லர் என்ற பொருள்பட விடையளித்தாராம். சற்றுக் கடுமையான சொல்தான். அதில் தன் பணியின் எல்லையைத் தெளிவாக அறிந்த ஒருவரின் உறுதி தெரிகிறது. தக்க இடத்துக்குப் பந்தைக் கொடுத்ததோடு அவர் பங்கு நிறைவுற்றது. கோல் பலகையை நோக்கும் தேவை அவருக்கு இல்லை. கே.டி. சிங் பாபு அவர் எதிர்பார்ப்பைப் பொய்யாக்கவில்லை. 1952இல் ஹெல்சிங்கியில் தங்கம் வென்ற இந்திய அணிக்கு அவரே தலைவர்.

அதே 1952இல் தியான் சந்தின் தன்வரலாறு நூலாக வெளிவந்தது. வெளியிட்டது சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஸ்போர்ட் அண்டு பாஸ்டைம் என்னும் விளையாட்டு இதழ் நிறுவனம். நூலின் பெயர் 'கோல்'. பெயரைக் கண்டு கோல் பட்டியலை எதிர்பார்த்துத் திறப்பவர், தோழர்களைப் பற்றியும் பயணங்களைப் பற்றியும் தோல்வியால் உறங்காத இரவைப் பற்றியும் படிக்க நேரும்.

1956இல் மேஜர் நிலையில் படையிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டே நடுவணரசு பத்மபூஷண் விருது வழங்கியது. பின்னர்ப் பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் தலைமைப் பயிற்றுநராகச் சிலகாலம் பணியாற்றினார். அதன்பிறகு ஜான்சிக்குத் திரும்பினார். ஓய்வூதியம் குடும்பத்துக்குப் போதவில்லை. நாடெங்கும் அறிந்த 400க்கும் மேற்பட்ட பன்னாட்டுக் கோல்கள் வீட்டுச் செலவுக்கு உதவவில்லை. எண்ணிக்கையை மனப்பாடமாகச் சொன்ன நாடு, அடித்தவர் எவ்வாறு வாழ்கிறார் என்று கேட்க மறந்திருந்தது. இது நம் வரலாற்றில் புலவர் பலருக்கும் நேர்ந்ததுதான்.

1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என வென்றது. வெற்றிக் கோலை அடித்தவர் தியான் சந்தின் மகன் அசோக் குமார். மறு ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது. இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. புல்தரையில் மட்டையின் நயத்தால் வளர்ந்த ஒரு கலை, ஓட்டத்தையும் உடல்வலிமையையும் முதன்மையாகக் கொண்ட ஆட்டமாக மாறுவதை அவர் தம் இறுதி ஆண்டுகளில் கண்டு வருந்தினார்.

இன்று அவர் பிறந்த ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. நாட்டின் உயரிய விளையாட்டு விருதும் 2021 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஈரல் புற்றுநோயால் தளர்ந்த தியான் சந்த், தில்லியிலுள்ள அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் பொதுப்பிரிவில் சேர்க்கப்பட்டார். 1979 டிசம்பர் 3ஆம் நாள் அங்கே உயிர்நீத்தார். உடல் ஜான்சிக்குக் கொண்டுவரப்பட்டது. சுடுகாட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. 1933இல் அவரோடு கல்கத்தாவுக்குச் சென்ற இளைஞர் அணியின் பெயரால் வழங்கும் ஜான்சி ஹீரோஸ் திடலிலேயே எரியூட்டினர்.